மணி தவறி அடித்தது ஏன்?

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். ஒரு நாள் காலை 11 மணி 20 நிமிடம் இருக்கும். பாடம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று மின்சார மணி விடாமல் நீளமாக அடித்தது. அது வீட்டுக்குப் போகிற மணி. பிற்பகல் மூன்றரைக்கு அடிக்க வேண்டியது.

பெரிய பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் ஏது? நீள மணி அடித்தால் வீடு. பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். வாசலை ஒட்டினாற்போல் பஸ் போகிற சாலை. காவல்காரர் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டார். அதனால் விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை.

விசாரணை நடந்தது. பழி பியூன் மேல் விழுந்தது. பல வருஷங்களாகக் கையால் வெண்கல மணி அடித்து வந்தவர் அவர். தானியங்கி மணி வந்த பிறகு அந்த வேலை அவருக்கு இல்லாமல் போயிற்று. அந்த ஆத்திரத்தில் பெட்டியில் எதையோ திருகிவிட்டார் என்று பேச்சு.

பழுது பார்க்கிற தொழிலில் இருப்பவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பியூன் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "நான் அந்தப் பெட்டி கிட்டயே போறதில்ல சார். கையால அடிச்ச காலத்துல ஒரு நாளும் தப்பினதில்ல. இப்ப மெஷின் தப்பு பண்ணுது, பேரு எனக்கு வருது."

பெட்டியைச் செய்துகொடுத்தவர்கள் டிப்ளமோ படிக்கும் இரண்டு மாணவர்கள். கெட்டிக்காரப் பையன்கள். அவர்களுடைய தீர்ப்பு வேறு. "கடிகார சிப் போயிடுச்சு சார். இதோட மூணு தடவை எஸ்.பி. ரோட்டுல புதுசு வாங்கி மாத்திட்டோம். நாலு நாள் ஓடுது, மறுபடி அதே கதை."

மூன்று தடவை சிப்பை மாற்றியும் அதே கோளாறு திரும்பி வருகிறது என்றால், கோளாறு சிப்பில் இல்லை என்றுதானே அர்த்தம்? அங்கிருந்துதான் தேடத் தொடங்கினேன். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்கிறார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விட, தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த, கடையின் விளக்கை நேரத்துக்கு ஏற்ற என்று எத்தனையோ. அவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் இருவர்

இத்தகைய பெட்டிக்குள் முக்கியமான ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் வேலைக்காரர், மற்றவர் காலம் சொல்பவர்.

வேலைக்காரர்தான் மைக்ரோ கண்ட்ரோலர். இந்தப் பெட்டியில் இருந்தது ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டு. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யும். ஆனால் கரண்ட் போய் வந்தால் இன்றைக்கு என்ன தேதி, மணி எத்தனை என்பது அதற்குத் தெரியாது. தூங்கி எழுந்தவனைப் போல் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்.

ஆகவே பக்கத்தில் ஒரு கடிகார சிப் வேண்டும். இங்கே இருந்தது டி.எஸ். 3231. பொத்தான் போன்ற ஒரு சிறிய பேட்டரி அதோடு சேர்ந்திருக்கும். கரண்ட் இல்லாவிட்டாலும் அந்தப் பேட்டரியில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு படிகம் விநாடிக்கு 32,768 தடவை துடிக்கிறது. அந்த எண்ணைப் பாதி, அதில் பாதி என்று பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒன்று மிஞ்சும். அதுதான் ஒரு விநாடி. வெயிலுக்கும் குளிருக்கும் படிகத்தின் துடிப்பு சற்று மாறும். டி.எஸ். 3231 தன் உள்வெப்பத்தைத் தானே அளந்து அதைத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரி செல்ஸியஸ் வரை பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் பிசகாது என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. வருஷத்துக்கு ஒரு நிமிடம் போல ஆகிறது. பழைய டி.எஸ். 1307 சிப்புக்கு இந்தத் திருத்தம் கிடையாது.

கடிகாரம் பெங்களூருக்குப் புதிதல்ல. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது இந்த ஊரில்தான். அந்தக் கடிகாரத்தில் முகமும் முள்ளும் உண்டு. பார்த்தால் போதும், மணி தெரியும். இந்தச் சிப்புக்கு முகம் இல்லை, முள் இல்லை. கேட்டால்தான் மணி சொல்லும். கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒயர் வேண்டும். பெரும்பாலான தொல்லைகள் பிறக்கிற இடம் அந்த ஒயர்.

இரண்டு ஒயரில் ஒரு பேச்சு

இவர்கள் பேசிக்கொள்ளும் முறைக்கு ஐ-ஸ்கொயர்-சி என்று பெயர். 1982-இல் ஃபிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. ஒயர் இரண்டே இரண்டு. எஸ்.சி.எல். என்ற ஒயரில் தாளம் போகும். எஸ்.டி.ஏ. என்ற ஒயரில் சேதி போகும். ஒரு தாளத்துக்கு ஒரு எழுத்து என்று எண்ணிக்கொள்ளலாம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போவதால்தான் இதைத் தொடர்வரிசை இணைப்பு என்கிறார்கள்.

இரண்டு ஒயரையும் இரண்டு ரெசிஸ்டர்கள் எப்போதும் மேலே, அதாவது 5 வோல்ட்டுக்கு, இழுத்துப் பிடித்திருக்கும். பேசுகிறவர் ஒயரைக் கீழே இழுப்பார், விடுவார். இழுத்தால் பூஜ்யம், விட்டால் ஒன்று. ஒயரை மேலே தள்ளுகிற வேலை இரண்டு பேருக்கும் கிடையாது. அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

வகுப்பில் ஆஜர் எடுப்பது போலத்தான் பேச்சு தொடங்கும். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு எண் உண்டு. மைக்ரோ கண்ட்ரோலர் எண்ணைக் கூப்பிடும். அந்த எண்ணுக்கு உரியவர் எஸ்.டி.ஏ. ஒயரை ஒரு தாள நேரம் கீழே இழுத்து "உள்ளேன் ஐயா" என்பார். யாரும் இழுக்காவிட்டால் அந்த ஆள் வரவில்லை என்று பொருள்.

165 மணி, 165 நிமிடம்

பையன்கள் தங்கள் செல்போனில் எடுத்து வைத்திருந்த படம் ஒன்றைக் காட்டினார்கள். பெட்டியின் முகப்பில் 165 மணி, 165 நிமிடம், 85 விநாடி என்று இருந்தது. "பாருங்க சார், சிப்புக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றார்கள்.

பைத்தியம் இல்லை. அந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. கடிகார சிப் ஒரு எண்ணை எட்டு பிட்டுகளில் எழுதி வைக்கிறது. மேல் நான்கு பிட்டில் பத்தாம் இடம், கீழ் நான்கு பிட்டில் ஒன்றாம் இடம். யாரும் பதில் சொல்லாதபோது எட்டு பிட்டும் ஒன்று என்றே வந்து சேரும். நான்கு பிட்டும் ஒன்று என்றால் மதிப்பு 15. ஆக, பதினைந்து பத்து 150, அதோடு 15, மொத்தம் 165. விநாடிக்கு மட்டும் மேல் பிட்டை நேரக்கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே ஏழு பத்து 70, அதோடு 15, மொத்தம் 85.

எனவே 165-ஐப் பார்த்தால் கடிகாரம் தப்பாகச் சொல்கிறது என்று நினைக்காதீர்கள். கடிகாரம் ஒன்றுமே சொல்லவில்லை என்பதுதான் பொருள்.

இதே இனத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. 9 விநாடிக்குப் பிறகு 10 வராமல் 16-க்குத் தாவும். 25 நிமிடத்தை 37 என்று காட்டும். அங்கே ஒயர் நன்றாக இருக்கிறது. சிப் எழுதி வைத்த முறையைச் சாதாரண எண்ணாக மாற்றாமல் புரோகிராம் அப்படியே படித்துவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் மீட்டர், பிறகு புரோகிராம்

பள்ளிக்கு விடுமுறையான சனிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தோம். மணிக்குப் போகிற 230 வோல்ட் இணைப்பை முதலில் பிடுங்கிவிட்டேன். இதை மறந்துவிட்டு யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது.

பலர் எடுத்த எடுப்பில் புரோகிராமைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். மல்டிமீட்டரை எடுங்கள். கடிகார போர்டின் காலிலேயே வைத்து 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். அனுப்புகிற முனையில் இருப்பதெல்லாம் மறுமுனைக்கு வந்து சேர்ந்துவிடும் என்று நம்பக் கூடாது. இரண்டு போர்டுகளின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஊனோ போர்டில் எஸ்.டி.ஏ.வுக்கு ஏ4, எஸ்.சி.எல்.லுக்கு ஏ5. மெகா போர்டில் 20, 21. மாறிப் போனால் எதுவும் எரியாது, பேச்சுதான் நடக்காது.

பேச்சு நடக்காத நேரத்தில் இரண்டு ஒயரிலும் ஏறக்குறைய 5 வோல்ட் நிற்க வேண்டும். நடுவில் எங்கோ ஊசலாடினால் மேலே இழுக்கும் ரெசிஸ்டர் இல்லை. 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு போடுங்கள். கடைகளில் கிடைக்கும் போர்டுகள் பலவற்றில் அது ஏற்கெனவே இருக்கும். ஏதாவது ஒரு ஒயர் பூஜ்யத்திலேயே நின்றால் அதை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு ஆஜர் எடுங்கள். எல்லா எண்களையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்க்கும் சின்ன புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. டி.எஸ். 3231-இன் எண் 68. இது பதினாறு பதினாறாக எண்ணும் கம்ப்யூட்டர் கணக்கு. நம் கணக்கில் 104. அந்த போர்டிலேயே ஒரு நினைவக சிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் 57-இல் பதில் சொல்லும். இரண்டும் பதில் சொல்லாவிட்டால் ஒயரைப் பாருங்கள். 57 பதில் சொல்லி 68 மட்டும் பேசாவிட்டால் ஒயர் நன்றாக இருக்கிறது. அப்போதுதான் கடிகார சிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் பெட்டியில் 57 ஆஜர், 68-உம் ஆஜர். மூன்று தடவை செலவழித்த பணம் வீண் என்று பையன்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மணியே எதிரி

பெட்டியை மூடி, மணியின் இணைப்பைத் திரும்பக் கொடுத்து, மணியை அடிக்க வைத்தேன். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஆஜர் எடுத்தோம். மூன்றாவது அடிக்குப் பிறகு ஒருவரும் பதில் சொல்லவில்லை. எஸ்.டி.ஏ. ஒயர் பூஜ்யத்தில் நின்றது. கடிகார போர்டைக் கழற்றியதும் வோல்ட் ஏறியது. ஆக, ஒயரைப் பிடித்து வைத்திருந்தது கடிகாரம்.

ஏன் பிடித்தது? பத்திரமாக இருக்கட்டும் என்று கடிகார போர்டைத் தலைமை ஆசிரியையின் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பெட்டியோ வெளியே தாழ்வாரத்தில். நடுவில் நான்கு மீட்டர் டெலிபோன் ஒயர். அதுவும் மணிக்குப் போகிற மின்சார ஒயரோடு சேர்த்துக் கட்டியது. ரிலே அறுபடும்போதும் மணி அடிக்கும்போதும் பிறக்கிற மின் அதிர்ச்சி பக்கத்து ஒயரிலும் பாய்கிறது. அதில் ஒரு பொய்த் தாளம் நுழைந்தால் கணக்கு தப்பிவிடும். கடிகாரம் பூஜ்யம் என்று சொல்வதற்காக ஒயரைக் கீழே இழுத்துக்கொண்டு அடுத்த தாளத்துக்குக் காத்திருக்கும். மைக்ரோ கண்ட்ரோலரோ பேச்சு முடிந்ததென்று ஒயர் மேலே வரக் காத்திருக்கும். இருவரும் காத்திருந்தால் வண்டி எப்படி நகரும்?

உடனடி மருந்து ஒன்று உண்டு. எஸ்.சி.எல். ஒயரில் ஒன்பது தாளம் வரை தட்டினால் கடிகாரம் தன் வாக்கியத்தை முடித்துக்கொண்டு ஒயரை விட்டுவிடும். புரோகிராம் தொடங்கும்போதே இதைச் செய்வது நல்லது. ஆனால் நிரந்தர மருந்து ஒயரைக் குறைப்பதுதான். இந்தப் பேச்சுமுறை ஒரே கருவிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சிப்களுக்காக ஏற்பட்டது. அறைக்கு அறை பேசுவதற்கு அல்ல.

கடிகார போர்டைப் பெட்டிக்குள்ளேயே ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்தோம். மணி ஒயரைத் தனி வழியாக விட்டோம். ரிலே சுருளின் குறுக்கே விட்டுப்போயிருந்த டயோடைப் போட்டோம். பிறகு ஐம்பது தடவை மணி அடித்துப் பார்த்தோம். ஐம்பது தடவையும் 68 ஆஜர்.

3 மணி 12 நிமிடம்

பையன்களுக்கு மகிழ்ச்சி. எனக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. பேச்சு அறுந்தால் 165 வரும். 165 மணிக்கு எந்த மணியும் அடிக்காது. அப்படியானால் காலை 11.20-க்கு வீட்டு மணி எப்படி அடித்தது?

"அன்றைக்குக் கரண்ட் போயிற்றா?" என்று கேட்டேன். மற்றவர்களுக்கு ஞாபகம் இல்லை. பியூன்தான் சொன்னார்: "இன்டர்வெல் முடிஞ்ச உடனே ஒரு தடவை போயிட்டு வந்துச்சு சார். தண்ணி மோட்டார் நின்னுபோச்சு. நான்தான் மறுபடி போட்டேன்." இன்டர்வெல் முடிவது 11 மணிக்கு.

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் செருகினேன். சுவர்க் கடிகாரத்தில் 12.40. பெட்டி 15:12 காட்டியது. அதாவது பிற்பகல் 3 மணி 12 நிமிடம். மறுபடி பிடுங்கிச் செருகினேன். மறுபடியும் 3.12. மூன்றாம் தடவையும் 3.12.

பையன்களில் ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

புரோகிராமின் தொடக்கத்தில் ஒரு வரி இருந்தது. புரோகிராம் கம்ப்யூட்டரில் தயாரான நேரத்தை எடுத்துக் கடிகாரத்தில் எழுதச் சொல்லும் வரி. புதுக் கடிகாரத்துக்கு முதல் தடவை நேரம் வைக்க அது வசதியானது. வைத்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். இவர்கள் எடுக்கவில்லை. கடைசியாகப் புரோகிராம் தயாரானது ஒரு பிற்பகல் 3.12-க்கு. அதன் பிறகு ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வந்தபோதும் அதே 3.12 கடிகாரத்தில் எழுதப்பட்டது. அன்று கரண்ட் வந்தபோது மணி 11.02. பெட்டிக்கு அது 3.12. பதினெட்டு நிமிடம் கழித்து 3.30 ஆயிற்று. பெட்டி தன் கடமையைச் செய்தது.

இத்தனை நாளும் கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. பாலிடெக்னிக் மேஜையில் சோதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் புரோகிராமைப் புதிதாகத் தயாரித்து ஏற்றுவார்கள். அப்போது எழுதப்படும் நேரம் சில விநாடி பழையதாகத்தான் இருக்கும். பார்ப்பதற்குச் சரியாகவே தோன்றும். கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில் கரண்ட் போய் வந்தால்தான் வேஷம் கலையும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகார சிப் தன் பேட்டரியில் சரியான நேரத்தைக் காத்துக்கொண்டுதான் இருந்தது. அதை அழித்துவிட்டுப் பழைய நேரத்தை எழுதியது புரோகிராம். பழி சிப்புக்கும் பியூனுக்கும் போயிற்று.

தெரியாது என்று சொல்ல வேண்டும்

டி.எஸ். 3231-க்குள் ஒரு தனி பிட் இருக்கிறது. எப்போதாவது கடிகாரம் நின்றுபோயிருந்தால் அது ஒன்று என்று மாறி, நாம் அழிக்கும் வரை அப்படியே நிற்கும். "நான் ஒரு தடவை நின்றுவிட்டேன், என் நேரத்தை நம்பாதீர்கள்" என்று கடிகாரமே ஒப்புக்கொள்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

அதனால் அந்த வரியை எடுத்ததோடு இன்னும் சில மாற்றங்கள் செய்தோம். நேரம் வைக்கத் தனியாக ஒரு பொத்தான். தொடங்கும்போது அந்த பிட்டைப் பார்ப்பது. நேரத்தை ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் மணி 23-க்கு மேலா, நிமிடம் 59-க்கு மேலா என்று பார்ப்பது. இவற்றில் எதில் சந்தேகம் வந்தாலும் மணி அடிக்கக் கூடாது. ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நேரம் தெரியாத பெட்டி சும்மா இருப்பதுதான் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு.

பேட்டரி பற்றியும் ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் டி.எஸ். 3231 போர்டுகள் சிலவற்றில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் அமைப்பு இருக்கிறது. சார்ஜ் ஏற்றக்கூடிய எல்.ஐ.ஆர். 2032 பேட்டரிக்காக வைத்தது அது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது சி.ஆர். 2032. அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. வீங்கும், கசியும். சி.ஆர். 2032 போடுவதானால் அந்த வழியில் இருக்கும் டயோடையோ ரெசிஸ்டரையோ எடுத்துவிடுங்கள். 3.3 வோல்ட்டில் ஓடும் ஈ.எஸ்.பி. 32 போன்ற போர்டோடு இணைப்பதானால் கடிகார போர்டுக்கும் 3.3 வோல்ட்டே கொடுங்கள். டி.எஸ். 3231-க்கு அது போதும். டி.எஸ். 1307-க்கு மட்டும் 5 வோல்ட் வேண்டும்.

திங்கட்கிழமை பெட்டி மறுபடி வேலைக்கு வந்தது. தலைமை ஆசிரியை ஆசிரியர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு பியூனிடம், "உங்க மேல தப்பில்லைங்க. நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்" என்றார். பீரோவில் கிடந்த வெண்கல மணியும் தாழ்வாரத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றைக்கு அதை அவர் அடிப்பார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு பெட்டி செய்துவிட்டு "ஓடுது" என்று சொன்னால் பாராட்டுங்கள். பிறகு கம்ப்யூட்டரைக் கழற்றச் சொல்லி, பிளக்கை ஒரு தடவை பிடுங்கிச் செருகிப் பாருங்கள். கடிகாரம் அப்போது என்ன மணி காட்டுகிறதோ, அதை வைத்துத்தான் வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.